18-ம் நாள் வரை ஆடிய குஞ்சு கடைசியில் ஏன் செத்தது?

ஏப்ரல் 16 – கேள்வி

அண்ணா, தெர்மாகோல் பெட்டி, 100 வாட்ஸ் பல்பு, தெர்மோஸ்டாட் போர்டு, சின்ன ஃபேன் வச்சு நானே செஞ்ச இன்குபேட்டர். வீடு கடலூர்ல, கடலுக்குப் பக்கம். சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை 24 வச்சேன். ஏழாம் நாள் டார்ச் அடிச்சப்ப 7 கூமுட்டை (கரு கூடாதது), எடுத்து எறிஞ்சுட்டேன். மீதி 17-ல குஞ்சு உள்ளே ஆடுறது 18-ம் நாள் வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுது. பொரிச்சது 5 தான். மத்தது எல்லாம் உள்ளேயே செத்துப் போச்சு. 19-ம் நாள் ராத்திரி பயங்கர இடி. பாட்டி அன்னிக்கே சொன்னாங்க, முட்டைகிட்ட ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுன்னு. நான் கேக்கல. இடியிலதான் செத்துச்சா?

ஏப்ரல் 16, இரவு

இடி இல்லை தம்பி. பாட்டி கோபித்துக்கொண்டாலும் இடி இல்லை. இடியைவிடப் பெரிய சத்தம் சோனிக் பூம், அதாவது ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் எழுப்பும் வெடிச்சத்தம். அது முட்டையைக் கெடுக்குமா என்று 1960-களில் அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். பொரிப்பில் வித்தியாசம் ஒன்றும் வரவில்லை.

முதலில் எந்த நாளில் செத்தது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் காரணத்தைத் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். கரு அதிகம் சாவது இரண்டு சமயங்களில். ஒன்று முதல் நாலைந்து நாள். இரண்டாவது, 18-லிருந்து பொரிக்கும் 21-ம் நாள் வரை. நடுவில் சாவது பொதுவாகக் குறைவு. முதல் சமயத்தில் இரத்தக் குழாய்கள் உருவாகி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. கடைசிச் சமயத்தில் குஞ்சு மூச்சு விடும் வழியையே மாற்றிக்கொள்கிறது. அதுவரை ஓட்டின் உள்பக்கம் படர்ந்திருக்கும் இரத்தக் குழாய்ச் சவ்வுதான் அதற்கு நுரையீரல். 20-ம் நாள் வாக்கில் மூக்கால், முட்டையின் அகலமான பக்கத்தில் இருக்கும் காற்றறையைக் குத்தி முதல் மூச்சை இழுக்கும். அதே நேரத்தில் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும், சவ்வில் ஓடும் இரத்தத்தையும் உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றும் ஒரே நாளில். அங்கேதான் தடுக்கி விழுகின்றன.

ஆனால் கடைசியில் சாவதற்கான காரணம் பெரும்பாலும் கடைசியில் நடந்ததாக இருக்காது. 18 நாளாக நடந்ததன் கணக்கு அங்கே தீர்க்கப்படுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் எல்லோரும் 19-ம் நாள் என்ன நடந்தது என்று தேடி, இடியைப் பிடிக்கிறார்கள்.

பொரிக்காத முட்டைகளை இன்னும் எறியவில்லை என்றால் உடைத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 17, காலை

"வீட்டில் விட மாட்டேங்கிறாங்க" என்றால் கொல்லைப்புறம் போங்கள். மொட்டைப் பக்கத்திலிருந்து, அதாவது அகலமான பக்கத்திலிருந்து, ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உரியுங்கள். தொப்பென்று போட்டு உடைத்தால் எல்லாம் கலங்கி எதுவும் தெரியாது. நாலு விஷயம் பாருங்கள்: காற்றறை எவ்வளவு பெரிது, தலை எந்தப் பக்கம், மஞ்சள் கரு உள்ளே போயிருக்கிறதா, குஞ்சு ஈரமா காய்ந்திருக்கிறதா. ஒன்றொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் அருவருப்புப்பட ஒன்றும் இல்லை. அரிஸ்டாட்டில் காலத்திலேயே முட்டையை நாள்வாரியாக உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று நாள் ஆனதும் இதயம் ஒரு இரத்தப் பொட்டாகத் துடிக்கிறது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நாம் இத்தனை வருஷம் கழித்தும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு இடி என்கிறோம்.

ஏப்ரல் 17, மாலை

நீங்கள் உடைத்து வரும் வரை வெப்பத்தைப் பற்றி. பொரித்த ஐந்தும் எந்த நாள் வந்தன? இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் ரொம்ப முக்கியம். 19 முடிந்து 20-லேயே வந்து, தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் சூடு அதிகம். 22, 23 என்று இழுத்து, வயிறு பெரிதாக மந்தமாக வந்தால் சூடு குறைவு.

சூடு குறைவது கருவை இழுத்தடிக்கும். அதிகமாவது கொன்றுவிடும். 36 டிகிரியில் ஒரு இரவு இருந்தால் பெரும்பாலும் தப்பும். 41-ல் சில மணி நேரம் இருந்தால் பல செத்துவிடும். பயம் இருந்தால் கீழ்ப்பக்கம் பயப்படாமல் மேல்பக்கம் பயப்படுங்கள்.

நம் ஊரில் எல்லோரும் வாங்கும் அந்தச் சின்ன டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் போர்டில் ஒரு குழி இருக்கிறது. பி1 என்று ஒரு செட்டிங். பல்பு அணைந்த பிறகு எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி எரிய வேண்டும் என்பது அதுதான். போர்டு வரும்போதே அது 2 டிகிரியில் இருக்கும். நீங்கள் 37.5 என்று வைத்தாலும் பெட்டி 35.5 வரை இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கும். சராசரி 36.5 வாக்கில்தான் நிற்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கே தெரிந்திருக்காது. அதை 0.3 அளவுக்குக் குறையுங்கள். ரிலே, அதாவது பல்பை ஏற்றி அணைக்கும் சுவிட்ச், டிக் டிக் என்று அடிக்கடி சத்தம் போடும், போடட்டும்.

ஏப்ரல் 17, இரவு

அந்த 37.5 ஃபேன் ஓடும் பெட்டிக்கு. இதைப் படித்துவிட்டு ஃபேன் இல்லாத பெட்டிக்கும் அதையே வைத்துவிடாதீர்கள். காற்று ஓடாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில் இருக்க வேண்டும். சென்சார் எங்கே தொங்குகிறது என்பதில்தான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். பல்புக்குப் பக்கத்தில் தொங்கினால் அது பல்பின் சூட்டைச் சொல்லும், முட்டையின் சூட்டைச் சொல்லாது.

போர்டு காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சென்சாரோடு சேர்த்துக் கட்டி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பாருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் செய்யப்பட்டதே இந்த 37-ஐச் சுற்றித் துல்லியமாகக் காட்டத்தான். வீட்டிலேயே இருக்கும் கருவி, இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 19

தம்பி உடைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். இப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம். பொரிக்காத பன்னிரண்டில் எறியாமல் மீதமிருந்தது எட்டு. ஆறில் முழுக் குஞ்சு, முழு முடி, ஓட்டைக் கொத்தவே இல்லை. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஈரம், கழுத்தும் தலையும் உப்பியிருக்கிறது, மஞ்சள் கரு பாதி வெளியே. காற்றறை "ஒரு ரூபாய் காசு அளவுகூட இல்லை". ஒன்றில் தலை கூர்ப் பக்கம். இன்னொன்று சின்னதாக, முடி முளைக்கும் பருவத்திலேயே செத்தது. பொரித்த ஐந்தும் 21, 22-ல் வந்திருக்கின்றன.

21, 22 என்றால் சூட்டின்மேல் பெரிய குற்றம் இல்லை. நான் முந்தாநாள் பி1-ஐச் சந்தேகப்பட்டேன், அது இதில் துணைக் குற்றவாளிதான். அந்த ஆறும் தண்ணீரில் மூழ்கிச் செத்தவை.

பெட்டியில் எத்தனை கிண்ணம் தண்ணீர் வைத்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே இரண்டு. ஒரு வீடியோவில் சொன்னார்களாம்.

வீடியோ எடுத்தவர் எந்த ஊர்? குளிர்நாட்டுக்காரராக இருந்தால் அவர் ஊர்க் காற்றில் ஈரமே இருக்காது, அவர் இரண்டு கிண்ணம் வைக்கலாம். நீங்கள் கடலூர். கணக்கு இப்படிப் போகிறது: காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பத சதவீதம் இறங்கும். அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள், கடலோரத்தில் சாதாரணம். அதே காற்றை 37.5-க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 50-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் 18 நாளைக்கு வேண்டியது 50, 55 தான். அதாவது உங்கள் பெட்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். நான் இருப்பது ஈரோட்டுப் பக்கம். இங்கே ஏப்ரலில் பெட்டிக்குள் 35-க்கு இறங்கிவிடும், தண்ணீர் வைத்தே ஆக வேண்டும். ஒரே மாநிலம், ஒரே மாதம், ஒரே பெட்டி. இரண்டு பேரும் ஒரே வீடியோவைப் பார்த்தால் ஒருவருக்கு நிச்சயம் குஞ்சு சாகும்.

ஈரம் அதிகமானால் ஏன் சாகிறது? முட்டை 21 நாளும் ஓட்டின் துளைகள் வழியாகத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது போன இடத்தில்தான் காற்றறை பெரிதாகும். 18-ம் நாளுக்குள் எடையில் 11-லிருந்து 14 சதவீதம் குறைய வேண்டும். குறையாவிட்டால் குஞ்சு நீர் கோத்து உப்பிவிடும், திரும்ப இடம் இருக்காது, குத்திப் போய் மூச்சு விட வேண்டிய காற்றறை போதாது. உங்கள் ஆறிலும் நீங்கள் எழுதியது அப்படியே இதுதான்.

அடுத்த முறை ஈரப்பத மீட்டரை நம்பாதீர்கள், அந்த நூறு ரூபாய் மீட்டர் பத்து சதவீதம் முன்னே பின்னே காட்டும். தராசை நம்புங்கள். டிரேயோடு எடை போட்டு, டிரே எடையைக் கழியுங்கள். இருபது முட்டை 840 கிராம் என்றால் ஏழாம் நாள் 800 வாக்கில் வர வேண்டும், 18-ம் நாள் 740 வாக்கில். எடை குறையவில்லையா, கிண்ணத்தை எடுங்கள், பெட்டியின் காற்றுத் துளையைத் திறங்கள். ரொம்பக் குறைகிறதா, தண்ணீர் வையுங்கள். முட்டையே சொல்லும்போது மீட்டர் எதற்கு?

18-ம் நாளுக்குப் பிறகு கதை மாறும். அப்போது 65, 70 வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு ஓட்டைக் கொத்தியதும் உள்சவ்வு காய்ந்து இறுகி அதைக் கட்டிப் போட்டுவிடும். கிண்ணம் அப்போது வையுங்கள்.

ஏப்ரல் 19, இரவு

தலை கூர்ப் பக்கம் இருந்த அந்த ஒன்றைப் பற்றிக் கேட்கிறார். சரியாக இருக்கும் குஞ்சு தலையை வலது இறக்கைக்கு அடியில் வைத்து, மூக்கைக் காற்றறைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். 14-ம் நாள் வாக்கிலிருந்தே திரும்ப ஆரம்பித்துவிடும். கூர்ப் பக்கம் மேலே இருக்கும்படி முட்டையை நிறுத்தி வைத்தால் அது தவறான பக்கம் போகும். நிறுத்தினால் மொட்டைப் பக்கம் மேலே, இல்லை என்றால் படுக்க வையுங்கள். படுக்க வைப்பதில் குற்றமே இல்லை, கோழி அப்படித்தான் வைத்திருக்கிறது.

ஒன்று இரண்டு இப்படிப் போவது எந்த ஈட்டிலும், அதாவது ஒரு தடவை சேர்த்து வைக்கும் முட்டைகளில், உண்டு. அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் 22

எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது அந்த ஆறு இல்லை. ஏழாம் நாள் எடுத்து எறிந்த ஏழு "கூமுட்டை".

சேவல் ஒன்று, பெட்டை மூன்று என்கிறார். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலே போதும். மூன்றுக்கு ஒன்று இருக்கும்போது 24-ல் 7 கரு கூடாத முட்டையா? நம்ப முடியவில்லை. முட்டையை எத்தனை நாள் சேர்த்தீர்கள், எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு நாள். அடுப்படி மேடைக்கு மேலே உள்ள அலமாரி.

அவற்றில் பல கூமுட்டையே இல்லை, பெட்டிக்குள் போவதற்கு முன்பே கெட்டுப்போன கரு. கோழி முட்டையிடும்போதே உள்ளே கரு வளர ஆரம்பித்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் தூங்கிவிடும். அந்தத் தூக்கம் கலையாமல் இருக்க 20 டிகிரிக்குக் கீழே வேண்டும், நல்லது 15-லிருந்து 18. நம் அடுப்படி ஏப்ரலில் 34, 35. அங்கே அது தூங்கவும் முடியாது, ஒழுங்காக வளரவும் முடியாது. அரைகுறையாக வளர்ந்து, பகலில் ஓடி இரவில் நின்று, சோர்ந்து போகும். இன்குபேட்டரில் வைத்ததும் ஒரு நாள், இரண்டு நாள் தாக்குப் பிடித்துவிட்டு நின்றுவிடும். ஏழாம் நாள் டார்ச் அடித்தால் வெளிச்சம் அப்படியே ஊடுருவும். நாம் சேவலைத் திட்டுவோம்.

வித்தியாசம் பார்க்க உடைத்தால் போதும். கரு கூடாத முட்டையின் மஞ்சளில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு இருக்கும், ஒழுங்கில்லாத விளிம்போடு. கரு கூடியதில் அது வளையமாக, நடுவில் தெளிவாக, மூன்று நாலு மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். வளர்ந்து செத்தது என்றால் அந்த இடம் கலங்கி, வெளுப்பாகப் பரந்து, சிலதில் மெல்லிய இரத்தக் கோடு ஓடியிருக்கும். டார்ச்சிலேயே சிவப்பு வளையம் தெரிந்தால் அது இரண்டாம் நாளுக்குப் பிறகு, இரத்தக் குழாய் வந்த பிறகு, செத்தது. உயிரோடு இருப்பதில் குழாய்கள் சிலந்தி போல நடுவிலிருந்து கிளை விடும்.

ஆகவே சேவலை விற்க வேண்டாம், அலமாரியை மாற்றுங்கள்.

ஏப்ரல் 23

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். உள்தட்டில் 4, 5 டிகிரி, அது ரொம்பக் குளிர்ச்சி. கதவுத் தட்டில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் முட்டை வேர்க்கும். வேர்த்த ஈரத்தோடு ஓட்டின் மேலுள்ள அழுக்கும் கிருமியும் துளை வழியாக உள்ளே போகும். எங்கள் பக்கம் பழைய முறை: அகலமான மண்பானையில் மணல் போட்டு, மணலை நனைத்து, மேலே துணி விரித்து முட்டையை வைத்து, வாயைத் துணியால் மூடி நிழலில் வைப்பது. அது 20-க்கு இறங்காது. ஆனாலும் அடுப்படிக்கும் அதற்கும் நல்ல வித்தியாசம் உண்டு. ஏழு நாளுக்கு மேல் எதிலும் சேர்க்காதீர்கள். பன்னிரண்டு நாள் சேர்த்து 24 வைப்பதைவிட ஏழு நாள் சேர்த்து 14 வைத்தால் குஞ்சு அதிகம் வரும்.

இன்னொன்று. சிலர் தினமும் இடும் முட்டையைத் தினமும் பெட்டிக்குள் சேர்க்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு 18-ம் நாள், இன்னொன்றுக்கு மூன்றாம் நாள். ஒன்றைத் திருப்பக் கூடாது, மற்றதைத் திருப்பியாக வேண்டும். ஒன்றுக்கு 70 சதவீத ஈரம், மற்றதற்கு 50. யாரைக் காப்பாற்றினாலும் இன்னொருவரைக் கொல்கிறீர்கள்.

மே 6

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. தயவு செய்து இந்த மாதம் தள்ளிப் போடுங்கள்.

நம் பெட்டிக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. ஓட்டு வீட்டில் மதியம் அறையே 39-க்குப் போனால் பல்பு அணைந்துதான் இருக்கும். ஆனாலும் பெட்டி 39-க்கு மேல் போகும். ஏனென்றால் பன்னிரண்டு நாள் தாண்டிய கரு தானே சூடு விட ஆரம்பித்துவிடும். இருபது முப்பது முட்டை, சின்னப் பெட்டி, மூடிய துளை. 18-ம் நாள் வரை ஆடிய குஞ்சு இரண்டு மதியத்தில் போய்விடும். போர்டைப் பார்த்தால் காலையில் 37.5 என்றுதான் காட்டும். மதியம் இரண்டு மணிக்கு யார் போய்ப் பார்க்கிறார்கள்?

வைத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டிலேயே குளிர்ந்த அறை, பெட்டியைத் தரையில் வைத்து, துளைகள் எல்லாம் திறந்து, மதியம் பத்து நிமிஷம் மூடியைத் தூக்கி விடுங்கள். கோழியே தினம் கால் மணி நேரம் எழுந்து போய் மேய்ந்து, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டுத்தான் வருகிறது. முட்டை ஒன்றும் ஆகிவிடாது.

மே 9

வாசனையை வைத்து ஒரு கேள்வி வந்திருக்கிறது, "பெட்டியைத் திறந்தால் சாக்கடை நாற்றம், எந்த முட்டை என்று தெரியவில்லை". ஒன்றொன்றாக முகருங்கள். ஓட்டின் மேல் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஏதாவது கசிந்திருந்தால் அதை அசைக்காமல், ரொம்ப மரியாதையாக, துணி சுற்றி வெளியே கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை அது பெட்டிக்குள்ளேயே வெடித்தது. ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது. வாசனை போன பிறகும் நாலு நாள் என் தட்டில் சாதம் விழும் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

காரணம் அழுக்கு முட்டை. எச்சம் ஒட்டிய முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி வைப்பது அதைவிட மோசம். உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே இருக்கும் தண்ணீரையும் கிருமியையும் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். கழுவ வேண்டாம். சுத்தமானதை மட்டும் பொறுக்குங்கள், லேசாகப் பட்ட அழுக்கைக் காய்ந்த துணியால் தேயுங்கள். முட்டையிடும் கூடையில் வைக்கோல் மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

மே 27

கரண்ட் போனால்? முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் போனாலும் பெரும்பாலும் தப்பும், ஒரு நாள் தள்ளிப் பொரிக்கும். பெட்டியைத் திறக்காமல் போர்வையால் சுற்றுங்கள். கடைசி வாரத்தில் கரண்ட் போனால் நேர்மாறு. குஞ்சுகளே சூடு விடும், ஆனால் ஃபேன் நின்றால் காற்று போதாது. அப்போது மூச்சு முட்டும்படி சுற்றாதீர்கள். பல்பு ஒன்று வைக்கும் இடத்தில் இரண்டு சின்ன பல்பு வையுங்கள். ஒன்று ராத்திரி ஃபியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

இங்கே பாட்டியிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. இடி என்றால் கூடவே மழை, கரண்ட் கட், வோல்டேஜ் ஏறி இறங்குவது, காற்றில் திடீரென்று ஈரம். பெட்டி வைத்திருப்பவருக்கு இடி நாள் நிஜமாகவே கெட்ட நாள்தான். இரும்புத் துண்டு அதற்கு உதவாது. ஒரு பழைய இன்வெர்ட்டர் பேட்டரி உதவும்.

ஜூன் 14

திருப்புவது பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படை எதற்கு என்றால், நீண்ட இரவில் ஒரே பக்கமாக இருக்கும் நிலை அடுத்த இரவு மாறும். முதல் வாரம்தான் உயிர். அப்போது திருப்பாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், நுரையீரலாக வேலை செய்யும் அந்தக் குழாய்ச் சவ்வும் முழுதாகப் படராது. அப்படிப்பட்டது உடனே சாகாது, 19-ம் நாள் சாகும். மறுபடியும் 19-ம் நாள், மறுபடியும் இடி. 18-க்குப் பிறகு திருப்புவதை நிறுத்துங்கள்.

நடு நாளில், 10-லிருந்து 14-க்குள், நிறையச் சாகிறது என்று நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார். பெட்டியை விட்டுவிட்டுத் தாய்க்கோழிக்கு என்ன போடுகிறீர்கள் என்று பாருங்கள். ரேஷன் அரிசியும் மக்காச்சோளமும் மட்டும் தின்ற கோழி முட்டையிடும், ஆனால் குஞ்சு கட்டத் தேவையான சத்தை முட்டைக்குள் வைக்காது. முக்கியமாக பி2 வைட்டமின். செத்த குஞ்சின் முடி விரியாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தால் அதே சந்தேகம்தான். கடையில் கிடைக்கும் லேயர் தீவனம் சாப்பாட்டு முட்டைக்குச் செய்தது, அடைமுட்டைக்கு அதில் வைட்டமின் போதாது. முருங்கைக்கீரை, அசோலா (தண்ணீரில் மிதக்கும் சின்னப் பாசி போன்ற செடி), தவிடு, கொஞ்சம் கருவாட்டுத் தூள் போடுங்கள். மேய விட்டால் பாதி தானே தேடிக்கொள்ளும். பலன் முட்டையில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அடுத்த நாளே எதிர்பார்க்காதீர்கள்.

ஜூலை 3

கடலூர் தம்பி அடுத்த ஈடு வைத்து எழுதியிருக்கிறார். ஆறு நாள் சேர்த்த 14 முட்டை, மண்பானை, தண்ணீர்க் கிண்ணம் இல்லை, மளிகைக் கடைத் தராசு. ஏழாம் நாள் கூமுட்டை ஒன்று. 18-ம் நாள் எடைக் குறைவு 12 சதவீதம். பொரித்தது 10. ஒன்று ஓட்டைக் கொத்திவிட்டு நின்றது, இரண்டு நடுவில் செத்தவை.

நல்ல ஈடு. பெட்டியின் மேல் இனிக் குறை சொல்ல முடியாது.

கொத்தி நின்றதைப் பற்றி: "எட்டு மணி நேரம் பொறுத்தேன், அப்புறம் நானே உரிச்சேன், ரத்தம் வந்துச்சு, செத்துப் போச்சு". எட்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. கொத்திய பிறகு வெளியே வர 12-லிருந்து 24 மணி நேரம் எடுக்கும். சும்மா படுத்திருப்பது போலத் தெரியும். உள்ளே சவ்வின் இரத்தத்தை வாங்கிக்கொண்டும் மஞ்சளை உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கும். அப்போது உரித்தால் ஓடிக்கொண்டிருக்கும் குழாயைத்தான் கிழிப்பீர்கள். 24 மணி தாண்டி, சவ்வு பழுப்பாகித் தோல்போல் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஈரம் காட்டி, கொத்திய இடத்தைச் சுற்றி மட்டும் ஓட்டை உடையுங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் உடனே நிறுத்தி உள்ளே வைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இருக்கிற ஈரம் பறந்து போகிறது, அதையும் கணக்கில் வையுங்கள். கண்ணாடி ஜன்னல் ஒன்று ஒட்டிவிட்டால் இந்த ஆசைக்கு மருந்து.

ஜூலை 4

நடுவில் செத்த இரண்டும் ஒரே பெட்டையின் முட்டையா என்று கேட்டேன். ஓட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார், பாராட்ட வேண்டும். ஆமாம், இரண்டும் அந்தக் கறுப்புப் பெட்டை. அது அந்தச் சேவலுக்கே பிறந்தது. போன வருஷக் குஞ்சு.

அப்பனும் மகளும். நம் வீடுகளில் இது சர்வ சாதாரணம், ஒரே சேவலை வருஷக் கணக்கில் வைத்திருப்போம், பெட்டைகள் எல்லாம் அதன் வாரிசாகவே இருக்கும். மறைந்து கிடக்கும் குறைகள் இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால் கரு நடுவிலேயே நின்றுவிடும். இரண்டு முட்டையை வைத்து இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தீவனமும் காரணமாக இருக்கலாம். ஆனால் மற்ற இரண்டு பெட்டைகளும் அதே தீவனம்தானே தின்கின்றன?

ஏப்ரலில் சேவலை விற்காதீர்கள் என்று சொன்னேன். இப்போது சொல்கிறேன், விற்க வேண்டாம், வேறு ஊர்ச் சிறுவிடைச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு மூன்று வாரம் கழித்துத்தான் முட்டை சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். அவசரப்பட்டு வைத்தால் அதே அப்பன் குஞ்சுதான் வரும்.